வீட்டுத் துப்புரவுப் பொருள்களும் மண்புழுக்களும்: சோதனை செய்ய விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சலவைத்தூள், பாத்திரம் துலக்கும் திரவம், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போன்றவை மண்ணில் கலந்தால் மண்புழுக்களுக்கு என்ன ஆகிறது என்பதை, பள்ளி ஆய்வகத்திலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்யும் மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் துணை நின்றதில், திரும்பத் திரும்ப எதிர்கொண்ட கேள்விகளே இங்கே உள்ளன.

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு செத்துப்போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

எவ்வளவு ஊற்றினால், எந்த மண்ணில், எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி. நம் ஊர்களில் பாத்திரம் கழுவிய நீரும் துணி அலசிய நீரும் கொல்லைப்புறத்து வாழைக்கும் கல்வாழைக்கும் போவது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. அந்த வாழையடியைக் கிளறினால் பல வீடுகளில் புழு இருக்கிறது, சில வீடுகளில் இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், "நச்சு", "நச்சில்லை" என்ற இரண்டு பெட்டிகள் போதாது. ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவும், அந்த அளவில் புழு சாகிறதா, விலகி ஓடுகிறதா, முட்டையிடுவதை நிறுத்துகிறதா என்ற விவரமும் தேவை.

மண்ணில் எத்தனையோ உயிர்கள் இருக்க, மண்புழுவை மட்டும் ஏன் எடுத்துக்கொள்கிறார்கள்?

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலின் வழியாகவே அது மூச்சு விடுகிறது. அந்தத் தோலை மெல்லிய சளிப்படலம் மூடியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்ட துப்புரவுப் பொருள் அந்தப் படலத்தையும் விட்டுவைப்பதில்லை. தோல் வழியாக ஒருபுறம், மண்ணை விழுங்குவதால் குடல் வழியாக மறுபுறம் என இரண்டு பாதைகளிலும் வேதிப்பொருள் அதன் உடலுக்குள் போகிறது. கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய அளவில் இருப்பதும், சாணத்தில் எளிதாகப் பெருகுவதும் கூடுதல் வசதிகள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, சுருக்கமாக ஓ.இ.சி.டி., வேதிப்பொருள்களைச் சோதிப்பதற்கென வகுத்துள்ள நெறிமுறைகளில் 1984-இல் வந்த 207-ஆம் எண் நெறிமுறை மண்புழுக்களின் இறப்பைப் பற்றியது. அவற்றின் இனப்பெருக்கத்தைப் பற்றிய 222-ஆம் எண் நெறிமுறை 2004-இல் வந்தது. நாம் வீட்டில் செய்வது இவற்றின் எளிய வடிவம்தான்.

எந்தப் புழுவைப் பயன்படுத்துவது?

மேலே சொன்ன நெறிமுறைகள் ஐசீனியா ஃபெட்டிடா, ஐசீனியா ஆண்ட்ரேய் என்னும் இரு இனங்களைக் குறிப்பிடுகின்றன. உலகெங்கும் செய்யப்பட்ட சோதனைகளோடு உங்கள் முடிவை ஒப்பிட வேண்டுமானால் இவையே ஏற்றவை. ஆனால் நெறிமுறை கேட்பது 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, ஏறினாலும் இறங்கினாலும் 2 டிகிரிக்குள். சித்திரை மாதத்து மதுரையில் குளிர்சாதன அறை இல்லாமல் அது நடக்காது. அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால், மருந்தே (சோதிக்கும் துப்புரவுப் பொருளே) போடாத தொட்டியிலும் ஐசீனியா தாக்குப்பிடிக்காது.

தமிழ்நாட்டில் உரத்தொட்டி வைத்திருப்பவர்களிடம் எளிதில் கிடைக்கும் யூட்ரிலஸ் யூஜினியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். வெப்பத்தை ஓரளவு தாங்கும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் பகுதிக்கே உரியது. இவையெல்லாம் குப்பையிலும் சாணத்திலும் மேலாக வாழ்பவை. நம் தோட்டத்து மண்ணுக்குள்ளேயே வளை அமைத்து வாழும் உள்ளூர்ப் புழு லாம்பிட்டோ மௌரிட்டி. பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் படித்த புழு இதுதான். சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், இத்தகைய உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்தவர். தோட்டத்தைப் பற்றிய கேள்விக்கு லாம்பிட்டோதான் நேர்மையான விடை தரும். ஆயினும் அதை விலைக்கு வாங்க முடியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும், தோண்டும்போது பாதி புழுக்கள் வெட்டுப்படும். ஆகவே முதல் சோதனைக்கு உரத்தொட்டிப் புழுவையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். எந்த இனமாயினும் ஒரு சோதனைக்குள் இரண்டு இனங்களைக் கலக்கக் கூடாது.

வாங்கிவந்த புழுவை அன்றே சோதனைக்கு விடலாமா?

கூடாது. உரத்தொட்டியிலிருந்து மூட்டையில் வந்த புழு களைத்திருக்கும். சில அடிபட்டும் இருக்கும். சோதனைக்குப் பயன்படுத்தப்போகும் அதே மண்ணில், ஆறிய சாணத்தோடு சில நாள்கள் வைத்திருந்து, மேலே ஏறித் தப்பிக்கப் பார்ப்பவற்றையும் தொட்டால் துள்ளாதவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். வளர்ந்த புழுவுக்கு அடையாளம் கிளைடெல்லம் எனப்படும் தடித்த வளையம். புழுவின் உடல் கண்டங்கள் எனப்படும் சிறு வளையங்களால் ஆனது; லாம்பிட்டோவில் கிளைடெல்லம் 14-ஆம் கண்டம் முதல் 17-ஆம் கண்டம் வரை இருக்கும். ஐசீனியாவில் அதைவிடப் பின்தள்ளி இருக்கும். வளையம் தெரியாத குட்டிகளைச் சேர்த்தால் எடையும் தாங்கும் திறனும் ஒன்றுக்கொன்று மாறுபட்டுக் கணக்கு குழம்பும். ஓ.இ.சி.டி. முறையில் ஐசீனியாவுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை எடை கேட்கிறார்கள்.

சாணத்தைப் பற்றி ஒரு சொல்: அண்மையில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மருந்தில் ஒரு பகுதி சாணத்தோடு வெளியேறும். புழுவைக் கொன்றது சலவைத்தூளா, மாட்டு மருந்தா என்று பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

தோட்டத்து மண்ணையே எடுத்துக்கொள்ளலாமா, செயற்கை மண் தயாரிக்க வேண்டுமா?

நெறிமுறை சொல்லும் செயற்கை மண்ணில் 70 விழுக்காடு நுண்மணல், 20 விழுக்காடு கயோலின் களிமண், 10 விழுக்காடு பீட் எனப்படும் மட்கிய பாசி ஆகியவை இருக்கும். சிறிது சுண்ணாம்புக் கார்பனேட் சேர்த்து, அமிலத் தன்மையைக் காட்டும் அதன் பி.எச். அளவை 6-க்கு அருகே கொண்டுவருவார்கள். ஓர் ஆய்வகத்தின் முடிவை வேறோர் ஆய்வகத்தோடு ஒப்பிடுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. நமக்குப் பீட் எளிதில் கிடைக்காது. தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்துகிறவர்கள் அதை மூன்று நான்கு முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுதி.

உங்கள் கேள்வி உங்கள் தோட்டத்தைப் பற்றியதாக இருந்தால், தோட்டத்து மண்ணே சிறந்தது. இதுவரை சோப்பு நீர் படாத மூலையிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, எல்லாத் தொட்டிக்கும் ஒரே குவியலிலிருந்து போடுங்கள். செம்மண்ணில் கிடைத்த முடிவைக் கரிசலுக்குப் பொருத்தக் கூடாது. சுண்ணாம்பு கலந்த கரிசல், கழிப்பறை அமிலத்தை ஊற்றியவுடன் பொங்கி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சுண்ணாம்பில்லாத செம்மண்ணில் அதே அளவு அமிலம் பி.எச். அளவைச் சரசரவென்று இறக்கிவிடும்.

எந்தெந்தப் பொருள்களைச் சோதிக்கலாம்? அவை எல்லாம் ஒரே வகையில்தான் பாதிக்கின்றனவா?

இல்லை. பலர் ஐந்தாறு பொருள்களை வரிசையாக வைத்து "எது அதிகம் கொல்கிறது" என்று போட்டி நடத்துகிறார்கள். ஏன் கொல்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது.

சலவைத்தூளில் அழுக்கை எடுப்பது பெரும்பாலும் நேர்கோட்டு ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட் என்னும் நுரைப்பொருள். ஆனால் பொட்டலத்தின் பெரும்பகுதி சோடா உப்பு, சோடியம் சல்ஃபேட் போன்ற உப்புகளே. நுரைப்பொருள் தோலைத் தாக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் சிதைத்துவிடும். சோடியத்துக்குச் சிதைவு என்பதே கிடையாது. மழை அடித்துக்கொண்டு போகாதவரை அது மண்ணிலேயே தங்கி, களித்துகள்களைப் பிரித்து, மண்ணை இறுக்கி, நீரும் காற்றும் நுழையாதபடி செய்துவிடும். எனவே 14 நாள் சோதனையில் குற்றவாளி நுரைப்பொருளாகத் தெரிந்தாலும், பத்து ஆண்டுகளாகச் சலவை நீர் பாய்ந்த இடத்தில் குற்றவாளி உப்பாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு: சலவைத்தூள் இட்ட தொட்டிகளோடு, அதே அளவு சோடா உப்பு மட்டும் இட்ட தொட்டிகளையும் வையுங்கள். நான் பார்த்த மாணவர் ஆய்வுகளில் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். செய்தவர்களின் அறிக்கைதான் படிக்கத் தகுந்ததாக இருந்தது.

பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும் ஹைப்போகுளோரைட் வகை. இவை மட்கையும் சாணத்தையும் கண்டவுடன் வினைபுரிந்து தம் வேகத்தை இழக்கும். மருந்து கலந்த பத்தாவது நிமிடத்தில் விட்ட புழுவுக்கும் மறுநாள் விட்ட புழுவுக்கும் முடிவு வேறுபடும் என்பதால், எப்போது விட்டீர்கள் என்று எழுதிவைக்காத சோதனைக்குப் பொருளில்லை.

வெள்ளை ஃபினாயில் பைன் எண்ணெயை நீரில் குழம்பாக்கியது. கறுப்பு ஃபினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் கிரெசால் வகைகள் இருக்கும். இரண்டும் ஆவியாகும். ஃபினாயில் தொட்டியின் பக்கத்திலேயே கட்டுப்பாட்டுத் தொட்டியை (ஒப்பிடுவதற்காக மருந்தே போடாமல் வைப்பது) வைத்தால் அதன் நெடி இதற்கும் போகும், தள்ளி வையுங்கள். தரை துடைக்கும் கிருமிநாசினிகள் சிலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். அது நேர்மின்னேற்றம் கொண்டதால் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். மணலில் கொல்லும் அளவு, களி மிகுந்த மண்ணில் ஒன்றுமே செய்யாமல் போகலாம்.

எவ்வளவு மருந்து போட வேண்டும்? "இரண்டு ஸ்பூன்" என்று போட்டால் போதாதா?

போதாது. இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வீணாகின்றன; சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், வீட்டில் நடப்பது என்ன அளவு என்று கணக்கிடுங்கள். ஒரு வாளியில் 15 லிட்டர் நீருக்கு 20 கிராம் சலவைத்தூள் போட்டுத் துவைத்த நீரைத் தோட்டத்தில் ஊற்றுவதாகக் கொள்வோம். அது ஒரு சதுர மீட்டரில் பரவி மேல் 10 செ.மீ. மண்ணில் தங்கினால், அந்த மண்ணின் கொள்ளளவு 100 லிட்டர். எடை ஏறத்தாழ 130 கிலோ. 20,000 மில்லிகிராமை 130-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 154 மி.கி. வருகிறது. அதே வாளியை வாழையடியில் ஓர் அடிச் சதுரக் குழியில் கவிழ்த்தால், நனைவது 12 கிலோ மண்தான். அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 1,650 மி.கி. ஆகிவிடுகிறது. தூள் அதே தூள், வாளி அதே வாளி. ஊற்றிய விதம் பத்து மடங்கு வேறுபாட்டைக் கொண்டுவந்துவிட்டது. நாள்தோறும் அதே இடத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கிலோவுக்கு 0, 100, 300, 1,000, 3,000 மி.கி. என்ற அளவுகளில் தொடங்குவது பொருத்தம். ஒவ்வோர் அளவும் முந்தையதைப் போல் சுமார் மூன்று மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். 100, 200, 300 என்று ஏறினால் முதல் சோதனையில் எதுவும் புலப்படாது. தொட்டிக்கு 500 கிராம் உலர்மண் என்றால் 100 மி.கி. அளவுக்குத் தேவை 50 மில்லிகிராம் தூள். மளிகைத் தராசு அதை நிறுக்காது. 10 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைத்துவிடுங்கள். இப்போது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சால் 5 மில்லி எடுத்தால் 50 மில்லிகிராம். இதே கரைசலில் 15 மில்லி, 50 மில்லி, 150 மில்லி என எடுத்தால் மற்ற மூன்று அளவுகளும் வந்துவிடும். குறைவாகக் கரைசல் பெறும் தொட்டிகளுக்கு வெறும் நீர் சேர்த்து, எல்லாத் தொட்டிக்கும் மொத்த ஈரம் 150 மில்லியாக இருக்கும்படி செய்யுங்கள். இல்லையென்றால் மருந்தின் விளைவைப் பார்க்கிறீர்களா, ஈரத்தின் விளைவைப் பார்க்கிறீர்களா என்று தெரியாது. மணற்பாங்கான மண்ணில் 150 மில்லி அதிகமாகப்படலாம். கைப்பிடி மண்ணைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, விரித்தால் உருண்டை உடனே உதிரக் கூடாது.

குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒரு வாளியில் திறந்து வைத்து மறுநாள் பயன்படுத்துங்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மழைநீர் நல்லது.

புழுவின் மேலேயே மருந்தை ஊற்றிப் பார்த்தால் விரைவில் முடிவு தெரியுமே?

தெரியும், ஆனால் அது வேறொரு கேள்விக்கான முடிவு. 207-ஆம் நெறிமுறையிலும் நனைத்த வடிதாளில் புழுவை வைத்து 48 மணி நேரம் பார்க்கும் தொடக்கச் சோதனை ஒன்று உண்டு. அங்கே மண் இல்லை. மருந்தைப் பற்றிக்கொள்ளக் களி இல்லை, வேகத்தைத் தணிக்க மட்கு இல்லை. களியைப் பற்றிக்கொள்ளும் பொருள்கள் வடிதாளில் மிகக் கொடியவையாகத் தோன்றும். ஐசீனியாவை ஃபினாயில் பட்ட தாளில் விட்டால் முன்னுடல் உயர்ந்து இடம் வலமாக ஆடும். முதுகுத் துளைகளிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து தாளில் கறை படியும். ஒருமுறை பார்த்த மாணவர்கள் மறுமுறை கேட்பதில்லை. நானும் செய்யச் சொல்வதில்லை.

எத்தனை தொட்டி, தொட்டிக்கு எத்தனை புழு?

தொட்டிக்கு 10 புழு, ஒவ்வோர் அளவுக்கும் 4 தொட்டி என்பது நெறிமுறை. ஐந்து அளவுகளுக்கு 20 தொட்டி, 200 புழு. இது முடியாதென்றால் அளவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொட்டிகளை ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரே தொட்டியில் 40 புழுக்களைப் போட்டுவிட்டு "40 முறை சோதித்தேன்" என்று எழுதுவது தவறு. அந்தத் தொட்டியில் வெயில் பட்டாலோ எறும்பு ஏறினாலோ நாற்பதும் ஒன்றாகப் பாதிக்கப்படும். சோதனையின் அலகு தொட்டி, புழு அன்று.

தொட்டிகளில் மருந்தின் பெயரை எழுதாமல் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்த அளவு என்ற பட்டியலை ஒருவர் வைத்துக்கொள்ள, எண்ணுபவர் வேறொருவராக இருக்கட்டும். அசைகிறதா இல்லையா என்று ஐயப்படும் புழுவை, "3,000 மி.கி." என்று எழுதிய தொட்டியில் இறந்ததாகவும் "0" என்று எழுதிய தொட்டியில் உயிரோடு இருப்பதாகவும் எண்ணுவது மனித இயல்பு.

சோதனை எத்தனை நாள்? இறந்ததை எப்படி உறுதி செய்வது?

14 நாள். 7-ஆம் நாள் தொட்டியை ஒரு தட்டில் கொட்டி எண்ணிவிட்டு, உயிருள்ளவற்றை அதே மண்ணோடு திரும்ப வைத்து, 14-ஆம் நாள் மறுபடியும் எண்ண வேண்டும். முன்முனையை மழுங்கிய குச்சியால் மெல்லத் தொட்டும் அசையாத புழு இறந்ததாகக் கொள்ளப்படும். மேலே துளையிட்ட மூடியோ மல் துணியோ கட்டியிருக்க வேண்டும். தொட்டிகள் மீது தொடர்ந்து வெளிச்சம் படும்படி வைப்பது புழுக்களை மண்ணுக்குள்ளேயே இருக்கச் செய்யும். நெறிமுறையே 400 முதல் 800 லக்ஸ் ஒளி கேட்கிறது. ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு இதற்குப் போதும்.

பத்து விட்டோம், ஏழுதான் கிடைக்கிறது, பிணமும் இல்லை என்றால் குழம்ப வேண்டாம். இறந்த மண்புழு ஈரமண்ணில் சில நாள்களிலேயே கரைந்துபோகும். மூடி சரியாக இருந்து, தப்பியதற்கான தடயம் இல்லாவிட்டால் காணாமல் போனவை இறந்தவையே.

மருந்து போடாத தொட்டியிலேயே புழுக்கள் செத்துவிட்டன. அந்தத் தொட்டியை விட்டுவிட்டு மற்றவற்றைக் கணக்கில் எடுக்கலாமா?

முடியாது. கட்டுப்பாட்டுத் தொட்டிகளில் இறப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் முழுச் சோதனையும் செல்லாது. வலிக்கத்தான் செய்யும், எனக்கும் வலித்தது. ஓர் ஆண்டு மாணவர்கள் ஐஸ்கிரீம் டப்பாக்களைச் சேகரித்து, பளபளவென்று கழுவி, முறைப்படி எல்லாம் செய்தார்கள். ஐந்தாம் நாள் கட்டுப்பாட்டுத் தொட்டிகளின் மூடியில் புழுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழாம் நாள் பாதி இல்லை. மண்ணை மாற்றினோம், நீரை மாற்றினோம், காரணம் பிடிபடவில்லை. கடைசியில் காலி டப்பா ஒன்றில் நீர் ஊற்றிக் குலுக்கியபோது நுரை எழுந்தது. பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவிவிட்டு, ஒரு முறை மட்டும் அலசியிருந்தார்கள். அதுதான் முழுக் காரணமா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், மூடியில் காற்றுத் துளைகளும் குறைவாகவே இருந்தன. இரண்டையும் சரிசெய்த பிறகு சிக்கல் வரவில்லை. டப்பாவை வெந்நீரால் மட்டும் கழுவுங்கள்.

புழுவைக் கொல்லாமல் சோதிக்க முடியாதா?

முடியும், என் விருப்பமும் அதுவே. விலகல் சோதனை என்று அதற்குப் பெயர், ஐ.எஸ்.ஓ. 17512 என்ற தரநிலையின் முதல் பகுதி இதை விவரிக்கிறது. ஒரு டப்பாவின் நடுவே அட்டையைச் செருகி, ஒருபுறம் மருந்திட்ட மண்ணும் மறுபுறம் மருந்தில்லாத மண்ணும் ஒரே உயரத்தில் நிரப்புங்கள். அட்டையை உருவிவிட்டு, அந்தக் கோட்டின் மீது 10 புழுக்களை விட்டு, மூடி, இருட்டில் 48 மணி நேரம் வையுங்கள். பிறகு அட்டையை அதே கோட்டில் மீண்டும் இறக்கி, இருபுறமும் எண்ணுங்கள். நல்ல மண்ணில் உள்ளவற்றிலிருந்து மருந்து மண்ணில் உள்ளவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் விலகல் விழுக்காடு. எட்டுக்கு இரண்டு என்றால் 60. மருந்து மண்ணில் மொத்தப் புழுக்களில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தால், அந்த மண் புழுவுக்கு வாழிடமாகப் பயன்படாது என்று தரநிலை கொள்கிறது.

இதைத் தொடங்கும் முன் இருபுறமும் ஒரே மண்ணை நிரப்பி ஒருமுறை செய்து பார்ப்பது அவசியம். அப்போதும் ஒரு பக்கமே கூடினால், அந்தப் பக்கம் குளிர்ச்சியோ ஈரமோ அதிகம் என்று பொருள். இன்னொரு வரம்பும் உண்டு: நரம்பைத் தாக்கும் சில பூச்சிக்கொல்லிகள் நகரும் திறனையே குறைத்துவிடுவதால், புழு விலகாமல் அங்கேயே கிடக்கும். விலகவில்லை என்பதால் தீங்கில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சாகடிக்கும் அளவுக்கு மிகக் கீழேயே விலகல் தொடங்கிவிடுவது பல பொருள்களில் காணப்படும். தோட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்: புழு செத்தாலும், பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தாலும், அவருடைய மண்ணில் புழு இல்லை.

எல்லாப் புழுவும் 14 நாளும் உயிரோடு இருந்தால் பொருள் பாதுகாப்பானது என்று எழுதலாமா?

14 நாளில் கொல்லவில்லை என்று மட்டும் எழுதலாம். உயிரோடு இருந்துகொண்டே முட்டையிடாமல் போவது உண்டு. 222-ஆம் நெறிமுறை இதற்காகவே 56 நாள் எடுத்துக்கொள்கிறது: 28 நாளில் வளர்ந்த புழுக்களை எடுத்துவிட்டு, மண்ணை மேலும் 28 நாள் வைத்திருந்து, பொரித்த குட்டிகளை எண்ணுகிறார்கள். தொட்டியை 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் இறக்கினால் குட்டிகள் மேலே வந்துவிடும். கட்டுப்பாட்டில் தொட்டிக்குக் குறைந்தது 30 குட்டிகள் இல்லாவிட்டால் சோதனை செல்லாது. இவ்வளவு பொறுமையில்லாதவர்கள் முட்டைக்கூடுகளையாவது எண்ணலாம். மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் வடித்தால், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, சின்னஞ்சிறு எலுமிச்சம்பழ வடிவில், மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரையான நிறத்தில் அவை தங்கும். கூடவே தொடக்க எடையையும் இறுதி எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவு வெறுத்த புழு இளைத்திருக்கும்.

முடிவைக் கணக்கிடுவது எப்படி?

கட்டுப்பாட்டிலும் ஒன்றிரண்டு இறந்திருக்கும் என்பதால் அதைக் கழிக்க வேண்டும். 1925-இல் ஆபட் என்னும் பூச்சியியலாளர் வெளியிட்ட எளிய திருத்தம் போதும். எடுத்துக்காட்டாக, கட்டுப்பாட்டில் 40-இல் 38 பிழைத்தால் 95 விழுக்காடு. மருந்துத் தொட்டிகளில் 40-இல் 24 பிழைத்தால் 60 விழுக்காடு. 60-ஐ 95-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால், மருந்தால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவை வரைபடத்தில் காணும்போது, மருந்தளவை மடக்கை அளவுகோலில் (10, 100, 1,000 ஆகியவை சம இடைவெளியில் வரும் அளவுகோல்) குறியுங்கள். 1,000-க்கும் 3,000-க்கும் இடையே எங்கோ என்று சொல்ல முடிந்தாலே பள்ளி ஆய்வுக்குப் போதுமானது. தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் எழுதி யாரையும் மயக்க வேண்டாம்.

"மக்கக்கூடியது", "மூலிகை" என்று போட்ட பொருள்களைச் சோதிக்கத் தேவையில்லை அல்லவா?

அவற்றைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மக்கும் என்றால் நாளடைவில் சிதையும் என்று பொருள்; சிதைவதற்கு முன் என்ன செய்யும் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது சபோனின். தேயிலை விதைப் புண்ணாக்கிலும் சபோனின் உண்டு. கோல்ஃப் மைதானங்களில் புல்தரை மேல் மண்ணைக் குவியல் குவியலாகத் தள்ளும் மண்புழுக்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடுகுப்பொடியைக் கரைத்து ஊற்றினால் புழுக்கள் எரிச்சல் தாங்காமல் மேலே வரும் என்பதால், நிலத்தில் எத்தனை புழு உள்ளது என்று எண்ணுகிற ஆய்வாளர்கள் அதையே கருவியாகக் கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் இருப்பது என்பதால் புழுவுக்கு இனிக்கும் என்றில்லை. சபோனின் விரைவில் சிதையும், சோடியம் சேர்க்காது என்ற நன்மைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள்.

மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் என்ன?

பிளீச்சையும் கழிப்பறை அமிலத்தையும் ஒரே மேசையில் திறக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அது மூச்சுக்குழலைத் தாக்கும். அம்மோனியா உள்ள பொருளோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் ஆகியவை கட்டாயம். கரைசல் தயாரிப்பது ஆசிரியரின் வேலை.

கடைசியில், சலவை நீரை வாழைக்கு விடலாமா கூடாதா?

உங்கள் மண்ணில், உங்கள் தூளோடு செய்த விலகல் சோதனையே இதற்கு விடை. அதுவரை நான் சொல்லக்கூடியது: நுரை நிறைந்த முதல் நீரைச் சாக்கடைக்கும், அலசிய இரண்டாம் மூன்றாம் நீரைத் தோட்டத்துக்கும் விடுங்கள், ஒரே குழியில் கவிழ்க்காமல் பாத்தி முழுதும் பரப்புங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஃபினாயிலும் பிளீச்சும் கலந்த நீர் வாழைக்கு வேண்டாம்.

சோதனை முடிந்த பின் மண்ணையும் புழுக்களையும் என்ன செய்வது?

கட்டுப்பாட்டுத் தொட்டிப் புழுக்கள் உரத்தொட்டிக்கே திரும்பலாம். மருந்து மண்ணில் இருந்தவற்றைத் தனித் தொட்டியில் சாணத்தோடு வைத்துப் பராமரியுங்கள். வேறொரு சோதனைக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். ஆப்பிரிக்க இனத்தைத் தோட்டத்திலோ வயலிலோ விட்டுவிடக் கூடாது. மருந்திட்ட மண்ணைச் சிமெண்டுத் தரையில் பரப்பி வெயிலில் காயவிட்டு, கிணற்றுக்கும் உரக்குழிக்கும் தொலைவான, செடி வைக்காத இடத்தில் கொட்டுங்கள். டப்பாக்களில் "சோதனைக்கு மட்டும்" என்று அழியாத மையில் எழுதிவிட்டால், அவை மறுபடியும் சமையலறைக்குப் போகாது.